செந்தோசாவுக்கு முதல்முறை: யூனிவர்சல் ஸ்டூடியோஸில் குடும்பத்தோடு ஒரு நாளைத் திட்டமிடுவது எப்படி

செந்தோசாப் பயணத்துக்கான முதல் வேலை விமானச்சீட்டு தேடுவதும் அன்று, விடுதி பார்ப்பதும் அன்று. வீட்டிலுள்ள பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்கவைத்து உயரத்தை அளந்து எழுதிக்கொள்வதுதான். சிங்கப்பூரின் தெற்குக் கரையை அடுத்த செந்தோசாத் தீவில், ரிசார்ட்ஸ் வேர்ல்டு என்னும் பெரிய வளாகத்துக்குள், 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில், பெரிய ரைடு ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச உயரம் வகுக்கப்பட்டிருக்கிறது. வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் பணியாளர் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை. அளவுகோலின் அருகே நிற்கச் சொல்வார். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் அனுமதி கிடையாது, கெஞ்சினாலும் பயனில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்புவதைவிட, எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை ஊரிலேயே பிள்ளைக்குச் சொல்லி வைத்துவிடுவது நல்லது.

தெரிந்திருக்க வேண்டிய அளவுகள் இவை. இரண்டு தடங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. தேவை. இருட்டுக்குள் ஓடும் மம்மி கோஸ்டருக்கு 122, ரப்பர் வட்டப் படகில் நீரோட்டத்தோடு போகும் ஜுராசிக் பார்க் ரைடுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முப்பரிமாண ரைடுக்கு 102, புஸ் இன் பூட்ஸ் கோஸ்டருக்கு 100, கேனபி ஃபிளையருக்கும் என்சான்டட் ஏர்வேஸுக்கும் 92. பழைய மடகாஸ்கர் பகுதியை எடுத்துவிட்டு 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்டின் முதன்மை ரைடுக்கும் 102 செ.மீ. எல்லை உண்டு. குறைந்தபட்ச அளவை எட்டியும் உயரம் போதாத பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன்தான் ஏறலாம் என்ற விதி இவற்றில் பலவற்றுக்கு இருப்பதால், எந்தப் பெரியவர் எதில் ஏறத் தயார் என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பராமரிப்புக்காகச் சில ரைடுகள் சில நாள்கள் மூடப்படும். அந்த அறிவிப்பைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்த பிறகே தேதியை உறுதி செய்ய வேண்டும்.

இந்த அளவுகளிலிருந்து ஒரு கசப்பான முடிவு கிடைக்கிறது. நான்கு வயது நிரம்பிய பிள்ளைக்குக் கட்டணம் உண்டு. நான்குக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவர்களுக்குச் சிறுவர் சீட்டு. ஆனால் நான்கு வயதில் பல பிள்ளைகள் 100 செ.மீ.யைத்தான் எட்டியிருப்பார்கள். ஆகவே உங்கள் வீட்டில் ஒரே பிள்ளை, அதுவும் ஐந்து வயதுக்குக் கீழ் என்றால், இந்தப் பூங்காவை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிட்டு, அதே வளாகத்தில் 2025 ஜூலையில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஓஷனேரியம் என்னும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தையும் தீவின் கடற்கரைகளையும் காட்டிவிட்டு வருவதே நல்லது என்பது என் எண்ணம். மூத்த பிள்ளைக்கு எட்டோ பத்தோ வயதாகி, இளையது சிறியதாக இருந்தால் கணக்கு வேறு. அந்தக் குடும்பத்துக்குத்தான் திட்டமிடல் மிகவும் தேவைப்படுகிறது.

தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். முதுகுவலி, இதய நோய், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருப்பவர்கள் கோஸ்டர்களிலும் குலுங்கும் ரைடுகளிலும் ஏறக்கூடாது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு வாயிலிலும் எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் பூங்காவுக்குள் வந்தால் வாட்டர்வேர்ல்டு சண்டைக் காட்சி, செசமி ஸ்ட்ரீட் ரைடு, புயல் காட்சியை அரங்குக்குள் உருவாக்கிக் காட்டும் லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன் போன்றவற்றைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் வெயிலில் பைகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூட்டுவலி உள்ள பெரியவருக்கு முழுச்சீட்டு வாங்கி அந்த வேலையைத் தருவதைவிட, துணைக்கு ஒருவரை வைத்து, நடக்கும் தொலைவிலேயே இருக்கும் ஓஷனேரியத்துக்கு அவரை அனுப்பிவிட்டு, மாலையில் வாயிலில் சேர்ந்துகொள்வது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும். எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சுழலும் உலக உருண்டை வாயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. அதற்குச் சீட்டு வேண்டாம்.

எந்த நாள், எந்தக் கிழமை

கூட்டத்தைத் தீர்மானிப்பது சிங்கப்பூர்ப் பள்ளிகளின் விடுமுறை. ஜூன் மாதத்தை ஒட்டி நான்கு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதிவரை ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம் என்பது அங்குள்ள வழக்கம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை மே மாதத்தில் வருகிறது. அந்த மாதத்தின் கடைசி நாள்கள்வரை சிங்கப்பூரில் பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஆகவே மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில், தொழிலாளர் தினம், விசாக தினம் ஆகிய பொது விடுமுறைகளைத் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழன் வரையிலான ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதே நமக்கு இயல்பாக அமையும் வாய்ப்பு. டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போவோருக்கு அந்தச் சலுகை இல்லை; கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் வரிசைகள் மிக நீளமாக இருக்கும், மழையும் சேர்ந்துகொள்ளும்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை சில குறிப்பிட்ட இரவுகளில் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்னும் பேய் நிகழ்ச்சி அதே பூங்காவில் நடைபெறும். அதற்குத் தனிச்சீட்டு, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதுமன்று. அந்த இரவுகளுக்கு முந்தைய பகலில் பூங்கா வழக்கத்தைவிட முன்னதாகவே மூடப்படும். பொதுவாகவே திறக்கும் நேரமும் மூடும் நேரமும் நாளுக்கு நாள் மாறும் என்பதால், சீட்டு வாங்கும் முன் நீங்கள் போகும் தேதிக்கான நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஒரே விலை கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

விமானம் இறங்கும் நாளில் பூங்காவுக்குப் போகக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பயணம். நள்ளிரவில் கிளம்பி விடியலில் இறங்கும் விமானங்கள் விலை குறைவு என்பதால் பலரும் அவற்றையே எடுக்கிறார்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. அங்கே காலை 7 மணிக்குப் பிள்ளையை எழுப்பினால் அதன் உடம்புக்கு அது விடியற்காலை 4:30 மணி. முதல் நாளை ஓய்வுக்கும், இரண்டாம் நாளை ஊர் சுற்றவும் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாளில் பூங்காவுக்குப் போனால் காலையிலேயே பிள்ளைகள் தெளிவாக இருப்பார்கள். கடைசி நாளுக்கும் ஒதுக்க வேண்டாம். பெருமழை பெய்தால் மாற்று நாள் இருக்காது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதோடு சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசுத் தளம் அன்று.

தங்குமிடமும் போக்குவரத்தும்

தீவிலேயே தங்குவது வசதிதான், ஆனால் விலை அதிகம். அதோடு மூன்று வேளை உணவுக்கும் வளாகத்தையே நம்பியிருக்க வேண்டும். லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் நிலையத்தின் அருகே தங்கினால், வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறி, எங்கும் மாறாமல், அதன் தென்கோடியான ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கிவிடலாம். பிள்ளைகள், பைகள், தள்ளுவண்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ரயில் மாறாமல் போவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது குடும்பத்தோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். காலை உணவும் அங்கே எளிது. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ் உட்பட, இட்லி, தோசை கிடைக்கும் கடைகள் நடக்கும் தொலைவில் பல உள்ளன. பூங்கா நாளன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

ரயில் நுழைவாயிலில் தொடாமல் செலுத்தும் வசதி கொண்ட வங்கி அட்டையையே காட்டலாம். ஆனால் ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். நான்கு பேருக்கு நான்கு அட்டைகள் வேண்டும். 90 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை, வங்கி அட்டை இல்லாத மற்றவர்களுக்கு நிலையத்தில் பயண அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ரயிலுக்குள் உண்பதும் குடிப்பதும் தடை செய்யப்பட்டவை. அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். தண்ணீர்ப் பாட்டிலைப் பிள்ளை திறக்கும் முன்பே இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்துக்கு ஏறினால் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்னும் ஒற்றைத் தண்டவாள ரயில் கிடைக்கும். தீவுக்குள் நுழைய ஆளுக்கு 4 வெள்ளி. தீவுக்குள் பயணிக்கவும் திரும்பி வரவும் கட்டணமில்லை. முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. கடலை ஒட்டிப் போடப்பட்ட நடைபாதையில் நடந்தும் போகலாம், அது இலவசம். காலையில் வெயில் ஏறும் முன் நடப்பது இனிமையாகவே இருக்கும், ஆனால் நாள் முழுவதும் நடக்கப்போகும் கால்களை முதலிலேயே களைப்படையச் செய்ய வேண்டாம் என்பேன். வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனிக்க: செயலி வழியாக அழைக்கும் தனியார் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு அதற்குரிய இருக்கை கட்டாயம். வழக்கமான டாக்சிகளுக்கு இதில் விலக்கு உண்டு. இரவில் தூங்கிவிட்ட பிள்ளையோடு நிற்கும்போது டாக்சி வரிசையைத் தேடுவதே சரியான வழி.

நுழைவுச்சீட்டைத் தேதியோடு முன்பதிவு செய்துவிட வேண்டும். வரிசையைத் தாண்டிச் செல்ல உதவும் எக்ஸ்பிரஸ் சீட்டைப் பற்றித்தான் எல்லோருக்கும் தயக்கம். அது கூடுதல் விலை. கூட்டமான நாளில் விலை இன்னும் ஏறும். சாதாரண வகையில் குறிப்பிட்ட ரைடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைதான் பயன்படும். மே மாதத்து வார நாளில் காலையிலேயே போய் நிற்கும் குடும்பத்துக்கு அது தேவையில்லை. டிசம்பர் விடுமுறையில், பெரிய ரைடுகளில் ஏறும் உயரமுள்ள பிள்ளைகளோடு, ஒரே நாள் மட்டும் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். 102 செ.மீ. எட்டாத பிள்ளைக்கு மட்டும் அதை வாங்கவே வேண்டாம். அது ஏறக்கூடிய சிறிய ரைடுகளுக்காக அவ்வளவு பணம் கொடுப்பது வீண்.

பூங்காவுக்குள்

பூங்காவின் அமைப்பு எளிது. நடுவில் ஒரு நீர்நிலை. அதைச் சுற்றி ஹாலிவுட், நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்டு என்று பகுதிகள் வரிசையாக அமைந்து மீண்டும் ஹாலிவுட்டிலேயே வந்து முடியும். வழி தவற வாய்ப்பில்லை என்பதால் வரைபடத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எங்கு முதலில் போவது என்பதை மட்டும் முடிவு செய்திருந்தால் போதும்.

திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே வாயிலில் இருக்க வேண்டும். நுழைந்தவுடன் ஹாலிவுட் தெருவில் பொம்மைக் கடைகளும் படம் எடுக்கும் இடங்களும் பிள்ளைகளை இழுக்கும். அவற்றை மாலைக்கு விட்டுவிட வேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம்தான் அந்த நாளின் விலைமதிப்பற்ற பகுதி. உயரமான பிள்ளைகள் இருந்தால் நேராக சை-ஃபை சிட்டிக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் பேட்டில்ஸ்டாரையும் முடித்துவிட்டு, அடுத்திருக்கும் எகிப்துப் பகுதியில் மம்மியையும் பார்த்துவிடலாம். சிறு பிள்ளைகளே இருந்தால் எதிர்த்திசையில் திரும்பி மினியன் லேண்டிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாகத் திறந்த பகுதி என்பதால் அங்கே கூட்டம் விரைவில் சேர்ந்துவிடும். இரண்டு வகைப் பிள்ளைகளும் இருக்கும் குடும்பம் காலையில் இரண்டாகப் பிரிந்துவிடுவது நல்லது. ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் காலை வீணாகும். பகல் உணவுக்குச் சேர்ந்துகொண்டால் போதும்.

பிரிய முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிறு பிள்ளையை ஏற்ற முடியாத ரைடின் நுழைவில் நிற்கும் பணியாளரிடம், பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏறும் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு காத்திருப்பார்; முதலாமவர் இறங்கியதும் இரண்டாமவர் மீண்டும் வரிசையில் நிற்காமலே ஏறலாம். கேட்டால் மட்டுமே கிடைக்கும் வசதி இது. பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். தனியாக ஏறச் சம்மதிக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு, சில பெரிய ரைடுகளில் தனிநபர் வரிசை உண்டு. காலி இருக்கைகளை நிரப்ப அவர்களை அழைப்பதால் காத்திருப்பு பெரும்பாலும் குறையும்.

மம்மி ரைடைப் பற்றி ஒரு சொல். அது உயரத்தால் அன்று, இருட்டாலும் திடீர்த் திருப்பங்களாலும் பயமுறுத்துவது. வண்டி ஓர் இடத்தில் நின்று பின்னோக்கிப் பாயும். 122 செ.மீ. தாண்டிய பிள்ளை எல்லாமே அதற்குத் தயார் என்று பொருளில்லை. அளவுகோல் இருக்கைப் பிடிமானத்துக்கானது. மனத்துணிவை அளக்க அதற்குத் தெரியாது. பிள்ளை வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவதே முறை. பயந்த பிள்ளை அதன்பின் எந்த ரைடிலும் ஏறாது, கொடுத்த சீட்டு முழுவதும் போய்விடும்.

ஜுராசிக் பார்க் படகில் நனைவது உறுதி. இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனையும். அதைக் காலையில் வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் ஈரக் காலணியோடு நடக்க வேண்டும். பகல் உணவுக்குப் பிறகு, வெயில் கொளுத்தும் நேரத்துக்கு அதை ஒதுக்கி, மாற்றுடையும் கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது. வாட்டர்வேர்ல்டு காட்சிக்குக் குறிப்பிட்ட நேரங்கள் உண்டு. இருபது நிமிடம் முன்னதாகப் போனால் நனையும் இருக்கைகளைத் தவிர்த்து உட்காரலாம். பிள்ளைகள் அந்த நனையும் இருக்கைகளையே கேட்பார்கள், அது வேறு விஷயம்.

மழையைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ஆண்டு முழுவதும் இடிமழை உண்டு. மே போன்ற பருவமாற்ற மாதங்களில் அது பெரும்பாலும் பிற்பகலில் வரும். மழையைவிட மின்னலே சிக்கல்: மின்னல் எச்சரிக்கை வந்தவுடன் பேட்டில்ஸ்டார், கேனபி ஃபிளையர், என்சான்டட் ஏர்வேஸ் போன்ற திறந்தவெளி ரைடுகள் நிறுத்தப்படும், எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே காலையில் வானம் தெளிவாக இருந்தால் வெளி ரைடுகளை முன்னே தள்ளி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், செசமி ஸ்ட்ரீட், லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன் ஆகியவற்றில் ஒன்றிரண்டை மழைக்கென்று மிச்சம் வைக்கலாம். மழை தொடங்கியதும் எல்லோரும் உள்ளரங்குகளுக்கே ஓடுவார்கள் என்பதால், வானம் கறுக்கும்போதே நகர்ந்துவிட வேண்டும். மழை நின்ற முதல் கால் மணி நேரத்தில் வெளி ரைடுகளின் வரிசை குறைவாக இருக்கும். மழைச்சட்டையோடு அருகிலேயே காத்திருந்தவர்களுக்கு அது லாபம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 11:30 மணிக்குள் அல்லது 2 மணிக்கு மேல் சாப்பிட்டால் இடம் கிடைக்கும். ஹலால் உணவும் இந்திய உணவும் கிடைக்கின்றன. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் காய்கறி நூடுல்ஸ் என்ற பெயரை நம்பாமல், முட்டையும் மீன் சாறும் சிப்பிச் சாறும் சேர்ப்பதுண்டா என்று கேட்டுவிட வேண்டும். குழந்தை உணவையும் மருந்துகளையும் தவிர வெளியுணவைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. காலிப் பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கத் தக்கது.

பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிய தாளைப் பிள்ளையின் சட்டைப் பையில் வைக்க வேண்டும்; அது சிங்கப்பூரில் அப்போது இயங்கும் எண்ணாக இருக்க வேண்டும், ஊரில் அணைத்துவைத்த எண்ணாக இருந்தால் பயனில்லை. தொலைந்தால் அங்கேயே நின்று, பெயர் அட்டை அணிந்த பணியாளரிடம் சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அவசர மருத்துவ உதவிக்கு எண் 995, காவல்துறைக்கு 999.

பிற்பகல் 4 மணிக்குமேல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூடும் நேரம்வரை இருந்தால்தான் காசுக்குத் தகும் என்ற கணக்கு பெரியவர்களுடையது. சோர்ந்திருந்தால் ஹாலிவுட் தெருவின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, காலையில் விட்டுவைத்த கடைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். தெம்பு இருந்தால், வெளியே வந்து அதே எக்ஸ்பிரஸ் ரயிலில் தீவின் கடைக்கோடி நிறுத்தமான பீச் நிலையத்துக்குப் போனால் கடற்கரை இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமில்லை. இரவு உணவை விவோசிட்டியிலேயே முடித்துக்கொண்டு ரயிலேறுங்கள், ஏனெனில் ரயிலுக்குள் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்க முடியாது. மறுநாள் காலைக்கு எந்த முன்பதிவும் வேண்டாம்.